அம்பாவில் நான் வெட்டிய இடைவெளி

போன வாரம் வகுப்பில் உங்களுக்கு ஓர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம்கூட வராது. முடிந்ததும் உங்களில் ஒருவர் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மேடத்துக்கு ஏதோ கோபம் என்று பேசிக்கொண்டீர்களாம். கோபம்தான். அதை எழுதித் தீர்த்துக்கொள்ளலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கேள்வி என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மைக்கை எத்தனை அங்குலத்தில் வைப்பது, எந்தக் குமிழை எவ்வளவு திருப்புவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதற்குக் கையேடு இருக்கிறது, வீடியோ இருக்கிறது, பத்து நிமிடத்தில் பத்து வருட அனுபவம் தருவதாகச் சொல்லும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். முப்பது வருடம் ஒலிப்பதிவுத் தொழிலில் இருந்த ஒருத்தி, நல்ல வெயிலில், கண் முன்னால் நடந்த ஒன்றைப் பார்த்துவிட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கதை இது. அந்த ஒருத்தி நான்தான்.

என் கடைசி வேலை ஒரு பாப் பாடகியின் ஆல்பம். பெயர் ‘கரை 2.0’. அப்படியானால் முதல் கரை எப்போது வந்தது என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பாடகியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவள் விளம்பரத்துக்கு நான் செய்த உதவி போதும். பொய் சொல்லக் கூடாது, அவளுக்கு நல்ல குரல். அதை வைத்துக்கொண்டு சும்மா பாடியிருந்தாலே போதும். ஆனால் இந்தக் காலத்தில் பாடினால் போதாதாம், கலக்க வேண்டுமாம். ஒரே ஆல்பத்தில் நாட்டுப்புறம், டெக்னோ, ராப், சூஃபி, தேவாலயக் கோரஸ் எல்லாம் இருந்தன. ஒரு பாட்டில் நாதஸ்வரம் நாலு விநாடி வந்துவிட்டுப் போகும். அந்த நாலு விநாடிக்காக ஒரு மனிதர் ராமநாதபுரத்திலிருந்து ரயிலேறிச் சென்னைக்கு வந்திருந்தார்.

இந்தக் கலவைக்கெல்லாம் சமையல்காரர் ஆதித். ஆல்பத்தின் தயாரிப்பாளர். பீட் போடுவது, எந்த ஓசை எங்கே வரும் என்று முடிவு செய்வது, பேட்டி கொடுப்பது எல்லாம் அவர்தான். ‘மண்’ என்ற சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். செருப்பில் மண் ஒட்டினால் மட்டும் தட்டிவிட்டுத்தான் காரில் ஏறுவார்.

பத்திரிகைக் குறிப்பில் பாடகியைக் ‘கமுதி தந்த கடல் குரல்’ என்று எழுதியிருந்தார். கமுதியில் கடல் ஏது? மிளகாயும் பருத்தியும் கருவேல முள்ளும்தான் உண்டு. பாடகியின் தாத்தா அந்த ஊர்க்காரர், அவ்வளவுதான். அவள் அங்கே போனது ஒரே தடவை, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க. அன்றும் வெயில் தாங்காமல் காருக்குள்ளேயே இருந்தாளாம். நான் ஆர்.எஸ்.மங்கலத்துக்காரி என்று தெரிந்ததும் ஆதித்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. “சூப்பர் மேடம், உங்க ஏரியாதான் இது! உங்களுக்கு எல்லாம் தெரியும்” என்றார். எங்கள் ஊரில் இருப்பது கண்மாய். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது மீன் குழம்போடு முடிந்துவிடும். அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உள்ளூர்க்காரி என்று அவர் மதித்தது எனக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தோடுதான் கீழக்கரைப் பக்கம் கிளம்பினேன்.

கீழக்கரைக்குக் கிழக்கே ஒரு குடியிருப்பில் கரைவலை இழுக்கிற கூட்டம் ஒன்று இருந்தது. வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, கரையில் நின்று கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் குரல் கொடுத்துக்கொண்டே இழுப்பார்கள். அந்தப் பாட்டுக்குத்தான் அம்பா என்று பெயர். அங்கே அம்பா எடுப்பவர் சீனி காக்கா. அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கரகரத்த குரல், ஆனால் காற்றிலும் ஒரு சொல் சிதறாது. கயிற்றின் கடைசியில் நிற்பவர் அவருடைய மச்சான் ஜபருல்லா. முப்பது வயதுக்காரர். வளைகுடாவில் வெல்டராக இருந்து, ஒப்பந்தம் முடிந்து வந்து, அடுத்த விசாவுக்காகக் காத்திருந்தார்.

பதிவைக் கடற்கரையில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். கடலோசை பாட்டைக் கெடுத்துவிடும் என்றார் ஆதித். கடல் பாட்டுக்குக் கடல் இடைஞ்சலாம். ஆகவே மூடிக் கிடந்த ஓர் ஐஸ் கம்பெனிக்குள் மைக்கைக் கட்டினோம். சீனி காக்கா சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

“கயிறு இல்லாம எப்புடித் தங்கச்சி பாடுறது? எங்களுக்கு வராதே” என்றார்.

ஒரு நைலான் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டிக் கொடுத்தோம். காக்காவும் ஜபருல்லாவும் போகப் பதினைந்து ஆண்கள் தரையில் உட்கார்ந்து ஜன்னலை இழுத்தார்கள். ஆதித் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து ‘நிஜம்’ என்று எழுதிப் போட்டார்.

பாட ஆரம்பித்தார்கள். நாலு அடி போனதும் நின்றார்கள். மூன்று நாலு விநாடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு கடைசியில் இருந்த ஜபருல்லா, தொண்டையைச் செருமுவதுபோல “ஹும்” என்றார். சீனி காக்கா அடுத்த அடியை எடுத்தார். மறுபடி நாலு அடி, மறுபடி நிறுத்தம், மறுபடி அந்த “ஹும்”. நான் பதிவை நிறுத்தினேன்.

“தம்பிக்குச் சளியா?” என்று கேட்டேன்.

ஜபருல்லா வெட்கப்பட்டுச் சிரித்தார். “இல்லக்கா. அது நாந்தான் சொல்லணும்.”

“தாராளமா சொல்லுங்க. கொஞ்சம் தள்ளி, அங்கன கதவோரம் உக்காந்து சொல்லுங்க. மைக்குல விழுகுது.”

அவர் காக்காவைப் பார்த்தார். காக்கா என்னைப் பார்த்தார். “அவன் சொல்றது கேக்காட்டி நான் எடுக்க மாட்டேன் தங்கச்சி.”

“உங்களுக்குக் கேக்கட்டும் காக்கா. மைக்குக்குக் கேக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

“சரி, ஒங்க தொழிலு ஒங்களுக்குத் தெரியும்” என்றார். அவர் தொழில் எனக்குத் தெரியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. ஒரு சிக்கலைச் சாமர்த்தியமாகத் தீர்த்துவிட்ட திருப்தியில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

எனக்குத் தாமதமாகத் தெரிந்ததை உங்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். கரையில் ஒரு பனங்கட்டையை ஆழமாக அடித்து நிறுத்தியிருப்பார்கள். நாலு இழுப்பு இழுத்ததும் எல்லாரும் குதிகாலை மணலில் ஊன்றி, கயிற்றை விடாமல் பிடித்தபடி நிற்பார்கள். அதுதான் அந்த நிறுத்தம். அதற்குள் கடைசி ஆள், இழுத்து வந்த கயிற்றைக் கட்டையில் சுற்றி இறுக்குவார். இறுகியதும் “ஹும்” என்பார். அதைக் கேட்ட பிறகுதான் அம்பா எடுப்பவர் வாயைத் திறப்பார். அவர் குரல் வந்தால்தான் மற்றவர்கள் பிடியை விட்டுவிட்டு, இரண்டடி முன்னே போய், புதிதாகப் பிடிப்பார்கள். கை மாறுகிற அந்த நேரத்தில் வலையின் பாரம் முழுவதையும் கட்டைதான் தாங்கும். கட்டையில் கயிறு இறுகும்முன் யாராவது பிடியை விட்டால், கயிறு கடலுக்கு ஓடும். கடைசி ஆளின் கை அப்போது கயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும்.

சென்னைக்கு வந்து நான் செய்த முதல் காரியம் அந்த நிறுத்தங்களை வெட்டியது. ஆதித் சொல்லித்தான் வெட்டினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் சொல்லும்முன்பே வெட்டிவிட்டேன். என் முதல் வேலை ஒரு வானொலி நிலையத்தில். அங்கே இருந்த மேலதிகாரி, இரண்டு விநாடி சத்தம் நின்றால் ஓடிவந்து மேசையைத் தட்டுவார். “ஏம்மா, நிலையத்தைப் பூட்டிட்டுப் போயிட்டியா?” என்பார். அவரிடம் நான் கற்றதெல்லாம் வேதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் இல்லாத இடம் என்றாலே என் கை தானாகக் கத்தரிக்குப் போகும். கதவோரத்திலிருந்து மெல்லிசாக விழுந்திருந்த “ஹும்”களையும் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நல்ல சுத்தமான வேலை. இன்றைக்குக் கேட்டாலும் வெட்டு எங்கே என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

ஆதித் கேட்டுவிட்டு எழுந்து நின்று கை தட்டினார். “மூணு செகண்ட் கேப் இருந்தா லிஸனர் ஸ்கிப் பண்ணிடுவான் மேடம். நீங்க சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டீங்க.” பிறகு அம்பாவின் ஒவ்வோர் அடியையும் தன் பீட்டின் மேல் கட்டம் போட்டு உட்கார வைத்தார். வலை கனக்கும்போது பாட்டு மெதுவாகும், இலேசாகும்போது வேகம் எடுக்கும். அதெல்லாம் தப்பு என்று திருத்திவிட்டார். சீனி காக்காவின் குரல் மூச்சு விடாமல், களைக்காமல், ஒரே வேகத்தில் பாடியது. அதன்மேல் பாடகி வந்து இங்கிலீஷில் நாலு வரி பாடினாள்.

வெளியீட்டு விழாவுக்குப் பாம்பன் பாலம் பின்னணியில் தெரிய வேண்டும் என்றார் ஆதித். ஆகவே ராமேஸ்வரம் தீவுக்கரையில் மேடை போட்டார்கள். சீனி காக்கா கூட்டத்தையும் அவர்கள் வலையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு நேரலை. மேடைக்குக் கீழே அவர்கள் நிஜமாகவே வலை இழுக்க, ஸ்பீக்கரில் பாட்டு ஓட, பாடகி முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடுவதுபோல நிற்க வேண்டும். அந்தக் கரையில் பாசி அதிகம், வலை ரொம்பக் கனக்கும் என்று உள்ளூர் ஆள் ஒருவர் வந்து சொன்னார். பச்சையாக இருந்தால் படத்தில் நன்றாக வரும் என்று ஆதித் பதில் சொன்னார். பாடகிக்குப் பழைய சேலை மாதிரி ஒரு புதுச் சேலை. அவள் கன்னத்தில் மண் பூசுவதற்கென்றே சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அந்த மண்ணையும் டப்பாவில் கொண்டுவந்திருந்தார்கள்.

சீனி காக்கா ஆதித்திடம் வந்தார். “இழுக்குறது நாங்கதானே? நாங்களே பாடிக்கிறோமே.”

“உங்க வாய்ஸ்தான் காக்கா ஸ்பீக்கர்ல வரப்போகுது. நீங்க சும்மா வாயை மட்டும் அசைங்க. பாடுற மேடமும் அப்படித்தான் பண்ணுவாங்க.”

“அப்ப ஒருக்காப் போட்டுக் காட்டுங்க. கேட்டுக்கிறோம்.”

“சர்ப்ரைஸா இருக்கட்டும். அப்பதான் முகத்துல ரியாக்‌ஷன் வரும்.”

நான் ஐந்தடி தூரத்தில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் கேட்டிருப்பார். கேட்டவுடனே, எங்கே நிறுத்தம் என்று கேட்டிருப்பார். எனக்கு ஸ்பீக்கர் சோதனை பாக்கி இருந்தது. அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஜபருல்லா என் மேசைக்கு வந்து தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டார். “விசா வந்துருச்சுக்கா. அடுத்த வாரம் மெடிக்கல். துஆச் செய்ங்க.” நல்லபடியாகப் போய்வாருங்கள் என்றேன். கயிறு உராய்கிற ஓசையும் பதிவாகட்டும் என்று ஆதித் கேட்டிருந்ததால், அவர் நிற்கப் போகிற பனங்கட்டைக்குப் பக்கத்தில் ஒரு மைக்கை நட்டேன். அது ஸ்பீக்கருக்குப் போகாது, பதிவுக்கு மட்டும். “இந்தத் தடவ நான் தள்ளிப் போகவேண்டியதில்லல்ல?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாலரைக்குப் பாட்டு தொடங்கியது. வலை கடலில் விரிந்து கிடந்தது. பதினைந்து பேரும் இழுத்தார்கள். நாலு அடி முடிந்தது. குதிகாலை ஊன்றி நின்றார்கள். ஜபருல்லா கட்டையில் கயிற்றைச் சுற்றக் குனிந்தார். அதற்குள் ஸ்பீக்கரில் சீனி காக்காவின் குரல் அடுத்த அடியை எடுத்துவிட்டது. அம்பா எடுக்கும் குரல் வந்தால் பிடியை மாற்ற வேண்டும். எத்தனையோ வருடமாக அவர்கள் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. முன்னால் நின்ற நாலைந்து பேர் பிடியை விட்டார்கள். கயிறு ஒரு முழம் கடல் பக்கம் ஓடியது. மற்றவர்கள் பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

சீனி காக்கா வாயே திறக்கவில்லை. தன் குரல் எங்கிருந்தோ வந்து தன் ஆட்களுக்கு உத்தரவு போடுவதைத் திகைத்துப்போய்க் கேட்டார். பிறகு என் மேசையைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

இதைக் கவனித்துக் கேளுங்கள். பாடுகிறவர் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். நம் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருவதே அதுதான். முப்பது வருடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் கையைத் தூக்கினாலும் நான் நிறுத்தியிருக்கிறேன். பெரிய பாடகர் தும்மலுக்காகத் தூக்கினாலும் நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு வலைக்காரர் தூக்கிய கையைப் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். என் விரல் மாஸ்டர் ஃபேடர் மேல்தான் இருந்தது. கீழே இழுத்தால் ஸ்பீக்கர்ச் சத்தமெல்லாம் நின்றுவிடும். ஹெட்ஃபோனில் ஆதித், “மேடம், லைவ் போகுது. எதையும் தொடாதீங்க” என்றார். தொடவில்லை. அடுத்த சுற்றில் சமாளித்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது சுற்றில் வலையில் பாசி ஏறிவிட்டது. நாலு அடி முடிந்து அவர்கள் நின்றதும் காக்கா, “விடாதீகடா! ஏலே, விடாதீக!” என்று கத்தினார். ஸ்பீக்கரில் அவர் குரலே அவர் குரலை மூடிவிட்டது. முன்னால் நின்றவர்கள் மொத்தமாகப் பிடியை விட்டார்கள். கயிறு கிடுகிடுவென்று ஓடியது. பாடகி அலறிக்கொண்டு ஒதுங்கினாள். ஓடிய கயிறு திடீரென்று நின்றது. ஏன் நின்றது என்று கட்டையைப் பார்த்தேன். ஜபருல்லாவின் வலது கை கயிற்றுக்குள் இருந்தது.

அப்போதுதான் ஃபேடரை இழுத்தேன். கரை முழுக்கச் சத்தம் அடங்கியது. அந்த நேரத்தில் கேமரா பாடகியின் பக்கம் இருந்தது. பழக்க தோஷத்தில் அவள் உதடுகள் இன்னும் இரண்டு சொல்லுக்கு அசைந்தன. ஒரு சத்தமும் வரவில்லை. ஆதித் என் காதில் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

கயிற்றை மறுபடி பிடித்துக்கொண்டு நின்ற யாரும் அசையவில்லை. வலை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஓர் இழுப்பு இழுத்துக் கொடுத்தால்தான் கயிறு தொய்யும், கை வெளியே வரும். ஆளுக்கொரு நேரம் இழுத்தால் இன்னும் இறுகும். சில விநாடி அப்படியே நின்றார்கள். பிறகு சீனி காக்கா மைக் இல்லாமல், வெறும் தொண்டையில், ஓர் அடி எடுத்தார். பதினைந்து பேரும் பதில் சொல்லி ஒரே இழுப்பு இழுத்தார்கள். கை வெளியே வந்தது.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான் சீனி காக்கா எனக்கு அந்த நிறுத்தத்தைப் பற்றி விளக்கினார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “என் குரலு எனக்குத் தெரியாம எப்படித் தங்கச்சி எடுத்துச்சு?” என்று கேட்டார். நான் வெட்டினேன் என்றேன். “எதுக்கு?” என்றார். கேட்கிறவர்களுக்குச் சலிப்புத் தட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜபருல்லாவின் சுட்டுவிரலும் நடுவிரலும் இப்போது மடங்காது. மெடிக்கலில் விரலை மடக்கி நீட்டச் சொல்வார்கள். அவர் போகவே இல்லை. அவரைப் பார்க்கப் பாடகி ஒரு நாள் வந்தாள், கேமராக்காரரோடு. கட்டுப் போட்ட கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னார்கள். ஜபருல்லாவும் மரியாதைக்காரர், திரும்பினார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்த நேரலைத் துண்டு ஊரெல்லாம் ஓடியது. பாட்டு நின்றதும், வெறும் கடற்கரையும், பாடகியின் சத்தமில்லாத உதடுகளும், பிறகு கேமரா மைக்கில் எழும்பிய சீனி காக்காவின் குரலும் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. என்ன துணிச்சலான மௌனம் என்று எழுதினார்கள். கடலுக்குச் செய்த மரியாதை என்று எழுதினார்கள். கை மாட்டியது படத்தில் விழவில்லை, அதனால் அது நடக்கவில்லை. ஆதித் ஒரு பேட்டியில் உட்கார்ந்து, அந்த மௌனத்துக்காக ஆறு மாதம் யோசித்ததாகச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

அப்புறம் எனக்கு ஃபோன் செய்தார். “மேடம், லைவ் வெர்ஷனைத் தனியா ரிலீஸ் பண்றோம். எல்லா மைக் பதிவும் அனுப்பியிருக்கேன். அந்த சைலன்ஸை அப்படியே வைங்க. அதுக்குள்ள யாரோ கத்துறாங்க, அப்புறம் ஒரு இருமல் மாதிரி வருது. அதை மட்டும் க்ளீன் பண்ணிடுங்க.”

“மூணு விநாடி சும்மா இருந்தா ஆள் ஓடிப்போயிடுவான்னு சொன்னீங்களே?”

“அது வேற மேடம். இது ஆர்ட்.”

அன்றைக்கே ஃபைலைத் திறந்தேன். பனங்கட்டைக்குப் பக்கத்தில் நட்ட மைக்கைத் தனியாகக் கேட்டேன். கயிறு ஓடுகிற சத்தம். பிறகு ஜபருல்லா அலறிய சத்தம். அதை ஆதித் கத்தல் என்று சொல்லியிருந்தார். அலறல் நின்று மூச்சு மட்டும் வருகிறது. ஒரு விநாடி, இரண்டு விநாடி, மூன்று விநாடி. பிறகு மிகத் தெளிவாக, மைக்குக்கு மிகப் பக்கத்தில், “ஹும்.”

கை உள்ளே நசுங்கிக்கொண்டிருக்கிறது. கயிறு தன் கையால்தான் நிற்கிறது என்று அந்த மனிதருக்குத் தெரியும். எப்படியானாலும் கயிறு நின்றுவிட்டது. முன்னால் பதினைந்து பேர் அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதும் தெரியும். அதனால் சொன்னார். அது கேட்ட பிறகுதான் சீனி காக்கா அடி எடுத்தார். ஐஸ் கம்பெனியில் நான் கதவோரம் தள்ளி உட்கார வைத்தது அதைத்தான். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு நன்றாக அழுதேன். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

ஃபைலைத் தொடாமல் திருப்பி அனுப்பினேன். என்னால் முடியாது என்று ஒரு வரி எழுதினேன். அதோடு நான் வேலை பார்த்த ஒலிப்பதிவுக் கூடத்தைவிட்டு விலகி ஓய்வும் வாங்கிக்கொண்டேன். ஆதித்துக்கு என் நியாயம் ஒன்றும் புரியவில்லை, பெரிய நஷ்டமும் இல்லை. வேறு ஒருவர் அரை மணி நேரத்தில் துடைத்துக் கொடுத்துவிட்டார். லைவ் வெர்ஷன் வந்தது. மௌனம் சுத்தமாக இருக்கிறது. சிறந்த ஒலிக்காக ஏதோ பரிசுகூடக் கொடுத்தார்கள். சீனி காக்கா இப்போதும் அம்பா எடுக்கிறார். கடைசியில் வேறு ஆள் நிற்கிறார். ஜபருல்லா கரையில் நின்று கணக்கில்லாமல் டீ குடிக்கிறார் என்று அவரே ஃபோனில் சொல்லிச் சிரித்தார்.

துடைக்காத ஃபைல் என்னிடம் இருக்கிறது. போன வாரம் உங்களுக்குப் போட்டது அதைத்தான். கதை எதுவும் சொல்லாமல்தான் போட்டேன். கேட்டு முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. நல்ல பையன், காது கூர்மை. மற்றவர்கள் கவனிக்காத ஒன்றைக் கவனித்திருந்தான்.

“மேடம், கத்தலுக்கு அப்புறம் யாருக்கோ சளி போல. எடுத்துடவா?”

எடுக்காதே, தம்பி. பதினைந்து பேர் அதற்காகத்தான் நின்றுகொண்டிருக்கிறார்கள்.